பச்சையாகக் கக்கும் பச்சிளங்குழந்தை: மலையோர மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கமோ, ஏறிப்போனால் குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கமோ பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். செவிலியராக இருக்கலாம், பயிற்சி மருத்துவராக இருக்கலாம். குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் உங்கள் கட்டடத்தில் இல்லை. மதுரைக்கோ கோட்டயத்துக்கோதான் அனுப்பியாக வேண்டும். பிறவியிலேயே குடல் அடைத்த குழந்தையை அப்படி ஓர் இடத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அனுப்புவது, போன இடத்தில் என்ன செய்வார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கத்தி வைப்பது வேறு ஊரில் என்றாலும், குழந்தை எந்த நிலையில் அங்கே போய்ச் சேருகிறது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

பிறந்த குழந்தை கக்குவது சகஜம். சீம்பால் குடித்த பிள்ளை மஞ்சளாகக் கக்கும், பால் குடித்தது வெள்ளையாகத் திரிந்து கக்கும். பச்சை மட்டும் வேறு கணக்கு. பறித்த ஏலக்காயின் தோல் நிறத்தில் வந்தால், அது பித்தம். பித்தம் முன்சிறுகுடலில் வந்து கலந்து கீழே இறங்க வேண்டியது. அது மேலே திரும்பி வருகிறதென்றால் கீழே போக வழியில்லை என்று பொருள். எனவே பச்சையாகக் கக்கிய பச்சிளங்குழந்தைக்கு, இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை குடல் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சில பிள்ளைகளுக்குக் கிருமித்தொற்றாக முடியும். பரவாயில்லை, அதற்கும் அவசர சிகிச்சைதான் தேவை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், குடல் முறுக்கு என்ற ஒன்று இருப்பதால். கருவில் குடல் கொஞ்ச காலம் தொப்புள்கொடிக்குள் வெளியே வளர்ந்து, 10-வது வாரம் வாக்கில் வயிற்றுக்குள் திரும்புகிறது. திரும்பும்போது ஏறக்குறைய 270 டிகிரி சுழன்று, வயிற்றின் பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சுழற்சி பாதியில் நின்றுபோனால், சிறுகுடல் முழுக்க ஒரு குறுகிய காம்பில் தொங்கும். காம்பு முறுக்கிக்கொண்டால் அதற்குள் ஓடும் ரத்தக்குழாயும் முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

இந்தக் குழந்தை முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்திருக்கும், மலமும் போயிருக்கும். முதன்முறை பச்சையாகக் கக்கும்போது வயிறு மெத்தென்றுதான் இருக்கும். “வயிறு சாஃப்ட்டா இருக்கு, மோஷன் போயிருச்சு, காலைல பாத்துக்கலாம்” என்று இரவுப் பணியில் யாராவது சொன்னால், அந்த வார்த்தையை நம்பி உட்காராதீர்கள். வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் தெரிகிறபோது பாதி குடல் போயிருக்கும்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பச்சையாகக் கக்கினாலும் பச்சையாக வெளிக்குப் போனாலும் “சீர் தட்டிருச்சு”, “பட்சி தோஷம்” என்பார்கள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருக்கும் அம்மாச்சியோடு இதற்காக வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். “கயிறு கட்டணும்னா கட்டிக்கங்க அம்மாச்சி, வாயில மட்டும் ஒண்ணும் ஊத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, எப்போது கக்கியது, என்ன நிறம், ஏற்கெனவே சேனையோ வெந்நீரோ உரை மருந்தோ கொடுத்தார்களா என்று கேளுங்கள். கோபமாகக் கேட்டால் மறைப்பார்கள்.

கக்கிய துணியை அலச விடாதீர்கள். ஒரு பாலிதீன் உறையில் போட்டு, நேரம் எழுதி, குழந்தையோடு அனுப்புங்கள். செல்போனில் எடுத்த படத்தை நம்ப முடியாது, வார்டின் மஞ்சள் விளக்கில் சீம்பால்கூடப் பச்சையாகத் தெரியும். அதேபோல் வெள்ளை டியூப்லைட்டில் எடுத்த படத்தைப் பார்த்து மஞ்சள்தான் என்று முடிவுகட்டியதும் உண்டு.

அடுத்தது முதல் மலம், ஊரில் காட்டுப்பீ என்பார்கள். நிறைமாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் போய்விடும், 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும். அதற்கு மேலும் போகவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். ஆனால் போய்விட்டதால் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கருவில் குடல் அடைபடுவதற்கு முன்பே மலம் கீழே இறங்கியிருக்கலாம். பின்சிறுகுடல் அடைப்பில் கருப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கெட்டிச் சளிபோல் கொஞ்சம் வரும், அதையும் “போயிருச்சு” என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்ததை மட்டும், பார்த்த நிறத்தோடு எழுதுங்கள்.

தாயின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். பனிக்குட நீர் அதிகம் என்று இருந்தால், குழந்தை விழுங்கிய நீர் குடலில் இறங்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறந்தவுடன் வயிற்றுக்குள் ட்யூப் விட்டுப் பாருங்கள். 20 மில்லிக்கு மேல் நீர் வந்தால், அதுவும் பச்சையாக வந்தால், பால் கொடுக்காமல் நிறுத்திவிட வேண்டியதுதான். ஸ்கேனிலேயே இரட்டைக் குமிழ் (இரைப்பையும் முன்சிறுகுடலும் வீங்கி இரண்டு குமிழாகத் தெரிவது) தெரிந்துவிட்டால், அந்தத் தாயை அறுவை வசதியுள்ள ஊருக்குப் பிரசவத்துக்கு முன்பே அனுப்பிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. குழந்தையைச் சுமந்துபோக வயிற்றைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது.

துணியை அவிழ்த்துப் பார்ப்பது

குழந்தையை முழுக்க அவிழ்த்து, வார்மருக்கு அடியில் வைத்துப் பாருங்கள். மேல்வயிறு மட்டும் புடைத்து அடிவயிறு ஒட்டியிருந்தால் அடைப்பு உயரத்தில். வயிறு முழுக்க உப்பித் தோல் மினுங்கினால் கீழே. தொடை இடுக்கில் குடலிறக்கம் சிக்கியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள்.

பிறகு ஆசனவாய். இதைத் தவறவிடுவது நம்பக் கடினம், ஆனாலும் நடக்கிறது. ஒரு பள்ளம் இருக்கும், கறுப்பாகச் சுருக்கமும் இருக்கும், துளை இருக்காது. தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்காதீர்கள், அது கிழிக்கும். ஜெல்லி தடவிய மென்மையான 8-ம் எண் ட்யூபை மெதுவாக வையுங்கள், போகவில்லை என்றால் அழுத்த வேண்டாம். பெண் குழந்தையில் ஏமாறுவது இன்னும் எளிது: மலம் வருகிறது, ஆனால் பிறப்புறுப்பின் வாசலில் உள்ள துளை வழியாக வருகிறது. எனவே மலம் வருகிறதா என்று பார்க்காமல் துளைகளை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் சிறுநீர்ப்பாதை, பிறப்புப்பாதை, மலக்குடல் மூன்றும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஆண் குழந்தையில் சிறுநீர் மலக்கறையோடு வருகிறதா என்று பாருங்கள். ஆசனவாய் இல்லாத பிள்ளைக்கு முதுகெலும்பு, இதயம், உணவுக்குழாய், சிறுநீரகம் ஆகியவற்றிலும் குறை இருக்கலாம் என்பதால் அனுப்பும் கடிதத்தில் இதை முதல் வரியில் எழுதுங்கள்.

ட்யூப் போடுவது

எக்ஸ்-ரே, போன், கடிதம் எல்லாவற்றுக்கும் முன்னால் ட்யூப். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குலுங்கும் வண்டியில், வயிறு நிறையப் பித்தத்தோடு படுத்திருக்கும் குழந்தை கக்கி, அது மூச்சுக்குழலில் இறங்கினால், அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்ததெல்லாம் வீண்.

நிறைமாதக் குழந்தைக்கு 8 அல்லது 10-ம் எண். மெல்லிய 5, 6 எண் ட்யூப்கள் பால் கொடுக்கத்தான் சரி, கெட்டியான பித்தம் அவற்றில் வராது. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவே உள்ள இடம் வரை அளந்து குறித்துக்கொண்டு இறக்குங்கள். இறங்கியதும் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி, அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். பிறகு ட்யூபை மூடாதீர்கள். ட்யூபின் வெளிமுனையைத் திறந்து ஒரு பையில் விட்டு, பையை வயிற்றைவிடத் தாழ்வாக வையுங்கள். மணிக்கு ஒரு முறை உறிஞ்ச வேண்டும். ட்யூபை மூடி நன்றாக பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிய குழந்தைகள் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை சுத்தமாக இருந்தது, பயன்தான் இல்லை.

பால் நிறுத்தியாயிற்று என்றால் சர்க்கரை இறங்கும், அதனால் உடனே நரம்பில் லைன். முதல் நாள் நிறைமாதக் குழந்தைக்கு, அந்த நாள் முழுவதற்கும் சேர்த்து, கிலோவுக்கு 60 மில்லி கணக்கில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். சர்க்கரை 45-க்குக் கீழே இருந்தால் அதே திரவத்தில் கிலோவுக்கு 2 மில்லி உடனே கொடுக்க வேண்டும். கை கால் சில்லிட்டு, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு மெதுவாகத் திரும்பினால், நார்மல் சலைன் கிலோவுக்கு 10 மில்லி. ட்யூபில் வந்த ஒவ்வொரு மில்லிக்கும் ஈடாக நார்மல் சலைன் தனியாகக் கொடுக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பொட்டாசியம் சேர்ப்பது சிறுநீர் போன பிறகு. வைட்டமின் கே 1 மில்லிகிராம் போட்டாயிற்றா என்று பாருங்கள் (ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி). ஆம்பிசிலின், ஜென்டாமைசின் முதல் டோஸ் கிளம்பும் முன் போகட்டும். மருந்தளவு எல்லாம் பணியில் உள்ள மருத்துவர் உத்தரவுப்படிதான். நான் சொல்வது எதைக் கேட்டு நினைவூட்ட வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

எக்ஸ்-ரேயில் என்ன பார்ப்பது

பிறந்த குழந்தையின் முதல் அழுகையோடு காற்று வயிற்றில் இறங்கத் தொடங்குகிறது. 24 மணி நேரத்துக்குள் மலக்குடல்வரை போய்விட வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. காற்றே நமக்கு இலவசமாகக் கிடைக்கும் சாயம்.

இரண்டே குமிழ் தெரிந்து, அதற்குக் கீழே எங்கும் காற்று இல்லை என்றால் முன்சிறுகுடல் அடைப்பு, வேறு சோதனை வேண்டாம். இங்கே ஒரு சிக்கல்: ட்யூப் போட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டோம் அல்லவா, குமிழும் சேர்ந்து காணாமல் போகும். படம் எடுப்பதற்குச் சற்று முன் 15, 20 மில்லி காற்றை ட்யூப் வழியாகச் செலுத்துங்கள், படம் எடுத்ததும் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். மூன்று குமிழ் என்றால் இடைச்சிறுகுடல். வயிறு முழுக்க உப்பிய வளையங்கள் என்றால் கீழே எங்கோ. அது சிறுகுடலா பெருங்குடலா என்று இந்த வயதில் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் கருவிலேயே குடல் ஓட்டையாகி மலம் வெளியேறியிருக்கிறது.

இரட்டைக் குமிழுக்குக் கீழே கொஞ்சம் காற்று இருக்கிறது என்றால் நிம்மதியடையாதீர்கள், முறுக்கு அப்படித்தான் இருக்கும். படம் முற்றிலும் சாதாரணமாக இருந்தும் முறுக்கு இருக்கலாம். அதை உறுதிசெய்ய வாய்வழியாக சாயம் கொடுத்துப் படமெடுக்க வேண்டும்: முன்சிறுகுடல் முடியும் இடம் முதுகெலும்புக்கு இடப்பக்கம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் ரத்தக்குழாய் சுழல்வது தெரிந்தாலும் போதும். இதெல்லாம் அறுவை நடக்கும் இடத்தில் செய்ய வேண்டியவை. இங்கேயே செய்து பார்க்கிறேன் என்று யாராவது ஆர்வப்பட்டால் தடுங்கள்.

எந்தப் பக்கம் இறங்குவது

குமுளியிலிருந்து கோட்டயம் 100 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி மலைச்சாலை. மதுரை அதைவிடத் தூரம், ஆனால் கம்பத்துக்கு இறங்கிவிட்டால் சமவெளி, வழியில் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் நிறுத்தி நிலைப்படுத்தலாம். ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்றிரவு குழந்தைகள் அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், வென்டிலேட்டரோடு ஒரு படுக்கை மூன்றும் எங்கே இருக்கின்றன என்று போன் போட்டுக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறதா என்று வண்டி ஓட்டுநரைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் எல்லை தாண்டும்போது யார் எங்கே கைமாற்றுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். தமிழ்நாட்டு 108-இல் பச்சிளங்குழந்தைக்கென்று தனி வண்டியும் இருக்கிறது, அதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சையும் போக்குவரத்தும் 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் அப்பா ஆபரேஷன் என்றதும் பணத்தை நினைத்துத்தான் தயங்குவார், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தையோடு அப்பா கட்டாயம் போக வேண்டும், கையெழுத்துக்கு. தாய் சிசேரியனில் படுத்திருந்தால் அவருடைய ரத்த மாதிரியை எடுத்து, பெயர் எழுதி, கூடவே அனுப்புங்கள். குழந்தைக்கு ரத்தம் பொருத்திப் பார்க்க அது வேண்டும். உடல் வெப்பம் 36.5-க்குக் கீழே போகாமல் தொப்பி, காலுறை, தாயில்லாவிட்டால் அப்பாவின் மார்பு. போடிமெட்டிலிருந்து டிசம்பர் இரவில் இறங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அறுவை அரங்கில்

குடும்பத்தார் உங்களிடம்தான் முதலில் கேட்பார்கள், “என்ன பண்ணுவாங்க சிஸ்டர்?” என்று. பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முறுக்கு என்றால் காத்திருப்பதே இல்லை. வயிற்றைத் திறந்து, குடலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான ஈரத் துணியால் மூடி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கறுத்தது சிவந்தால் பிழைத்தது. பிறகு முன்சிறுகுடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, குறுகிய காம்பை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்துவிடுவார்கள். குடல்வால் இடம் மாறிப்போவதால் பிற்காலக் குழப்பம் வேண்டாம் என்று அதையும் எடுப்பது வழக்கம். பாஸ்டனில் இருந்த வில்லியம் லாட் 1936-இல் விவரித்த முறை, இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. குடல் பிழைக்குமா என்று சந்தேகமாக இருந்தால் வெட்டித் தள்ளாமல் மூடிவிட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பார்கள். “ரெண்டு தடவ கிழிச்சிட்டாங்க” என்று ஊரில் பேச்சு வரும். இரண்டாம் முறை திறப்பது குடலைக் காப்பாற்றத்தான் என்று முன்பே விளக்கிவிடுங்கள்.

முன்சிறுகுடல் அடைப்பு இதற்கு நேர்மாறு. முறுக்கு இல்லை என்று உறுதியானால் ஓரிரு நாள் பொறுக்கலாம், பொறுக்கவும் வேண்டும். இந்தக் குழந்தைகளில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டவுன் சின்ட்ரோம் இருக்கும், இதயத்தில் ஓட்டையும் சேர்ந்திருக்கலாம். அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, உப்புச் சத்தைச் சரிசெய்த பிறகே அறுவை. அடைப்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள குடலை வைர வடிவில் திறந்து இணைப்பார்கள், ஜப்பானைச் சேர்ந்த கிமுரா 1970-களில் சொன்ன முறை. நல்ல மையங்களில் இந்தக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். இழப்பு நேர்வது பெரும்பாலும் இதயத்தாலோ குறைமாதத்தாலோதான்.

இடை, பின் சிறுகுடல் அடைப்புக்குக் காரணம் கருவில் அந்தத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோனது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் லோவும் பர்னார்டும் 1955-இல் கருவிலிருந்த நாய்க்குட்டிகளின் குடல் ரத்தக்குழாயைக் கட்டி இதைக் காட்டினார்கள். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தவர் இந்தப் பர்னார்டுதான். கர்ப்பத்தில் தாய் எதையோ தின்றதால் வந்தது என்று மாமியார் பேச ஆரம்பித்தால் இந்த விளக்கம் கைகொடுக்கும். அறுவையில் சிரமம் என்னவென்றால், மேல்குடல் வீங்கிப் பெருத்திருக்கும், கீழ்க்குடல் ஒன்றும் ஓடாமல் மெலிந்திருக்கும், இரண்டையும் பொருத்த வேண்டும். பெருத்த முனையை வெட்டியோ ஒடுக்கியோ இணைப்பார்கள். கீழே இன்னொரு அடைப்பு ஒளிந்திருக்கலாம் என்பதால் சலைன் செலுத்திக் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மிஞ்சிய குடலை அளந்து எழுதுவார்கள். நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் 200 முதல் 300 சென்டிமீட்டர்வரை இருக்கும். அதில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் பிள்ளை பால் குடித்து வளருமா, நரம்பு வழியாக எத்தனை மாதம் ஊட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மலம் கெட்டித்து அடைப்பது நம் பக்கம் குறைவு, சாய எனிமாவிலேயே பாதி பேருக்குச் சரியாகக்கூடும், ஆகாவிட்டால் அறுவை. ஆசனவாய் இல்லாதவர்களில் அடைப்பு தோலுக்கு அருகில் இருந்தால் உடனே திறந்துவிடலாம். உயரத்தில் இருந்தால் வயிற்றில் மலத்துக்குத் தற்காலிக வழி, சில மாதம் கழித்து ஆசனவாய் அமைப்பது, பிறகு வழியை மூடுவது என்று மூன்று கட்டம்.

திரும்பி வந்த பிறகு

குடல் இணைத்த பிள்ளைக்கு மறுநாளே பால் கொடுக்க முடியாது. ட்யூபில் வருவது பச்சையிலிருந்து வெளிறி, அளவு குறைந்து, மலம் போகும்வரை காத்திருப்பார்கள். ஒரு வாரமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதுவரை கம்பத்தில் படுத்திருக்கும் தாய்க்குப் பால் வற்றிப்போகாமல் பார்ப்பது உங்கள் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் குடலுக்குத் தாய்ப்பாலைவிடப் பொருத்தமான உணவு இல்லை. தையல் ஆறியதும் தாயை மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்.

வயிற்றில் மலவழி வைத்து வரும் குழந்தைக்குச் சுற்றியுள்ள தோல்தான் முதலில் கெடும். பை கிடைக்காத ஊரில் மென்மையான பழந்துணியை மடித்துக் கட்டி, நனைந்தவுடன் மாற்றி, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவினாலே போதும். வழியின் நிறம் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், கறுத்தால் அன்றே அனுப்புங்கள்.

பெருங்குடலின் அடியில் நரம்பணுக்கள் இல்லாத நோய், ஹிர்ஷ்பிரங் நோய், தனியாகச் சொல்ல வேண்டியது. 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கு அதிகம். முதல் மலம் தாமதித்து, வயிறு உப்பி, ஆசனவாயில் ட்யூப் வைத்ததும் காற்றும் மலமும் பீய்ச்சியடித்து, குழந்தை சரியாகிவிட்டதுபோல் தெரியும். மலக்குடல் சுவரில் ஒரு துளி சதையை எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள். நரம்பணு இல்லாத பகுதியை வெட்டி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைப்பதுதான் சிகிச்சை. முதலில் செய்து காட்டியவர் ஸ்வென்சன், 1948-இல். அறுவைக்கு நாள் வரும்வரை வீட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தினமும் வெதுவெதுப்பான சலைனால் குடலைக் கழுவச் சொல்லி அனுப்புவார்கள். கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விட்டது வெளியே வந்த பிறகே அடுத்தது. வெறும் தண்ணீர் கூடாது, அது உடலுக்குள் இறங்கி உப்புச் சத்தைக் குலைக்கும். அறுவைக்கு முன்போ பின்போ இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு தண்ணீராக வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அது குடல் அழற்சி. லைன் போட்டு, ஆன்டிபயாடிக் தொடங்கி, குடலைக் கழுவி, அறுவை செய்த இடத்துக்குப் போன் போட்டுவிட்டு அன்றே வண்டியில் ஏற்றுங்கள்.